அன்றாட யோகப் பயிற்சி: தொடர்ச்சியும் மறுதொடக்கமும்

அன்றாட யோகப் பயிற்சி என்பது இல்லறத்தில் இருப்பவர்கள் தம் வீட்டிலேயே, நாள்தோறும் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் ஆசனம், மூச்சுப் பயிற்சி, தியானம் ஆகியவற்றைச் செய்யும் வழக்கமாகும். மிகப் பழையதாகத் தோன்றும் இவ்வழக்கம் இன்றுள்ள வடிவத்தை 20-ஆம் நூற்றாண்டில்தான் பெற்றது. இதைத் தொடங்குவோரில் பலர் சில வாரங்களில் விட்டுவிடுகின்றனர். பின்னர் உடல் தளர்ந்தபோதோ மருத்துவர் எச்சரித்தபோதோ மீண்டும் தொடங்குகின்றனர். இவ்வாறு விடுவதைத் தமது தனிப்பட்ட தோல்வியாகவே பெரும்பாலோர் எண்ணுகின்றனர். ஆனால் யோக நூல்களும் ஆசிரியர்களும் இதைப் பயிற்சியில் எதிர்பார்க்க வேண்டிய ஒன்றாகவே கருதினர். அதற்கேற்ற வழிமுறைகளையும் வகுத்தனர். அந்த வழிமுறைகளின் வரலாற்றை இக்கட்டுரை விவரிக்கிறது.

பழைய நூல்கள் கூறும் தடைகள்

பதஞ்சலியின் யோக சூத்திரம் பொ.யு. 4-ஆம் நூற்றாண்டை ஒட்டித் தொகுக்கப்பட்டது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. நீண்ட காலம், இடைவிடாமல், மதிப்புடன் செய்யப்படும் பயிற்சியே உறுதிபெறும் என்று அதன் முதல் பாதம் கூறுகிறது. அதே பாதத்தில் ஒன்பது தடைகளும் வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. நோய், மந்தம், ஐயம், கவனக்குறைவு, சோம்பல், புலன் ஆசை, தவறான புரிதல் ஆகியவை முதல் ஏழு. எட்டாவது, அடைய வேண்டிய நிலையை எட்ட முடியாமை. ஒன்பதாவது, எட்டிய நிலையில் நிலைத்து நிற்க முடியாமை. பயிற்சியில் முன்னேறியவரும் அதிலிருந்து நழுவக்கூடும் என்பதை நூலே ஏற்றுக்கொள்கிறது. இத்தடைகளுக்கு மாற்றாக அது முதலில் கூறுவது, ஏதேனும் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு அதைத் தொடர்ந்து பயில்வதாகும்.

15-ஆம் நூற்றாண்டில் சுவாத்மாராமர் இயற்றிய ஹட யோக பிரதீபிகை, யோகத்தைக் கெடுப்பவை என ஆறு செயல்களைச் சுட்டுகிறது. மிகுதியாக உண்பது, மிகுதியாக உழைப்பது, வீண்பேச்சு, கடும் விதிகளைப் பிடித்துக்கொள்வது, மக்கள் கூட்டத்தோடு இருப்பது, நிலையற்ற மனம் என்பன அவை. இவற்றுள் நான்காவது கவனிக்கத்தக்கது. விடியற்காலையில் குளிர்ந்த நீரில் குளிப்பது, பழம் மட்டுமே உண்பது போன்றவற்றை இதற்கு எடுத்துக்காட்டாக உரையாசிரியர் பிரம்மானந்தர் தருகிறார். ஒரே நாளில் வாழ்க்கை முழுவதையும் மாற்ற முயல்வதும் பயிற்சிக்குப் பகை என்று அந்த மரபு கண்டிருந்தது. உணவில் வயிற்றின் கால் பகுதியைக் காலியாக விட வேண்டும் என்பதும் இந்நூலின் அறிவுரை.

தமிழில் திருமூலரின் திருமந்திரம் மூன்றாம் தந்திரத்தில் இயமம், நியமம், ஆசனம் முதலிய எட்டு உறுப்புகளையும் விளக்குகிறது.

பழைய ஹட யோக நூல்கள் பெரும்பாலும் சிறு குடிலில் தனித்து வாழும் சாதகரை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. அலுவலகத்துக்கும் வயலுக்கும் செல்லும் ஒருவர் காலையில் அரை மணி நேரம் ஒதுக்கிச் செய்யும் பயிற்சியாக யோகம் மாறியது அண்மைக்காலத்தில்தான். 1918-ல் பம்பாயில் யோகேந்திரர் தொடங்கிய யோகா இன்ஸ்டிடியூட்டும், 1924-ல் லோனாவ்லாவில் குவலயானந்தர் தொடங்கிய கைவல்யதாமமும் இம்மாற்றத்தின் தொடக்ககால நிறுவனங்கள்.

ஔந்த் அரசரின் காலைப் பயிற்சி

இன்றைய மகாராஷ்டிரத்தின் சதாரா பகுதியில் இருந்த சிறு சமஸ்தானம் ஔந்த். அதன் அரசர் பவன்ராவ் பந்த் பிரதிநிதி (1868–1951) இளமையில் ஐரோப்பிய உடற்பயிற்சியாளர் யூஜென் சாண்டோவின் முறையைப் பல ஆண்டுகள் பின்பற்றினார். தமிழ்நாட்டில் சின்னப்பா தேவரின் பெயருக்கு முன் வரும் 'சாண்டோ' பட்டமும் அதே சாண்டோவின் பெயரால் வந்தது. பின்னர் மீரஜ் அரசரின் தூண்டுதலால் பவன்ராவ் சூரிய நமஸ்காரத்துக்கு மாறினார். தம் சமஸ்தானப் பள்ளிகளிலும் அதைப் பரப்பினார்.

சூரிய நமஸ்காரம் பற்றி அவர் எழுதிய நூல் 1928-ல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. 1938-ல் லண்டனில் இன்னொரு நூல் வந்தது. கருவி வேண்டாம், தனி இடம் வேண்டாம், செலவு இல்லை, பெண்களும் குழந்தைகளும் வீட்டிலேயே செய்யலாம் என்பதே அவர் வாதத்தின் சாரம். வயதுக்கேற்ப எண்ணிக்கையைக் கூட்டியும் குறைத்தும் கொள்ளலாம். உணவுப் பழக்கத்தையும் அவர் இதனுடன் சேர்த்தே பேசினார். தொடர்ந்து செய்ய முடியாமைக்குச் சொல்லப்படும் காரணங்களை ஒவ்வொன்றாக நீக்குவது அவரது அணுகுமுறை.

சிவானந்தரின் நாட்குறிப்பு

திருநெல்வேலி மாவட்டம் பத்தமடையில் 1887-ல் பிறந்த குப்புசாமி, மலாயாவில் மருத்துவராகப் பணியாற்றினார். 1924-ல் ரிஷிகேசத்தில் துறவு பூண்டு சுவாமி சிவானந்தர் ஆனார். 1936-ல் தெய்வநெறிக் கழகத்தை நிறுவினார். எளிய ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அவருடைய நூல்கள் வழியாக, ஆசிரமத்துக்கே வராத ஆயிரக்கணக்கானோர் தம் வீட்டிலிருந்தபடியே பயிற்சியைத் தொடங்கினர். அருகில் ஆசிரியர் இல்லாத இவர்களுக்காக அவர் வலியுறுத்திய கருவி 'ஆன்மிக நாட்குறிப்பு'.

அது மாதத்தின் ஒவ்வொரு நாளுக்கும் கட்டங்கள் கொண்ட ஓர் அட்டவணை. எப்போது எழுந்தீர், எத்தனை மணி நேரம் உறங்கினீர், ஆசனம் எவ்வளவு நேரம், பிராணாயாமம் எத்தனை என்பன போன்ற கேள்விகள் அதில் இருந்தன. எத்தனை முறை சினம் கொண்டீர், எத்தனை பொய் சொன்னீர், எந்தத் தீய பழக்கத்தை விட முயல்கிறீர், அதில் எத்தனை முறை தோற்றீர் என்பவையும் இடம்பெற்றன. வெற்றிக்கு இருப்பது போலவே தோல்விக்கும் அதில் ஒரு கட்டம் உண்டு. பிழை செய்தவர் ஒரு வேளை உண்ணாதிருப்பது, கூடுதலாக ஜபம் செய்வது போன்றவற்றால் தம்மைத் திருத்திக்கொண்டு மறுநாள் தொடர வேண்டும். ஒரு நாள் தவறினால் எல்லாம் முடிந்தது என்ற எண்ணத்துக்கு இம்முறையில் இடமில்லை. இதனுடன் 'தீர்மானப் படிவம்' ஒன்றையும் அவர் அமைத்தார். எவற்றைக் கடைப்பிடிக்கப் போகிறோம் என்று எழுதி ஒப்பமிட வேண்டிய படிவம் அது.

மைசூரிலிருந்து சென்னைக்கு

திருமலை கிருஷ்ணமாச்சாரியார் (1888–1989) மைசூர் மன்னர் நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில் 1933 முதல் ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை நடத்தினார். அங்குப் பயின்றவர்கள் பெரும்பாலும் சிறுவர்களும் இளைஞர்களும். வேகமும் கடுமையும் மிக்க பயிற்சி அது. நாடு விடுதலை அடைந்தபின் அரண்மனை ஆதரவு நின்றது. 1950-ல் யோகசாலை மூடப்பட்டது. அறுபது வயதைக் கடந்திருந்த அவர் 1950-களின் தொடக்கத்தில் சென்னைக்கு வந்து வாழ்க்கையைப் புதிதாகத் தொடங்கினார்.

சென்னையில் அவரிடம் வந்தவர்கள் நோயாளிகள், நடுவயதினர், குடும்பப் பெண்கள், முதியவர்கள். அவர்களுக்குத் தனித்தனியாகப் பாடம் சொன்னார். ஒருவரின் வயது, உடல்நிலை, தொழில், ஒதுக்கக்கூடிய நேரம் ஆகியவற்றைக் கணக்கிட்டுப் பயிற்சி வகுக்கப்பட்டது. இளமைக்கு வளர்ச்சி, நடுவயதுக்கு உடல்நலக் காப்பு, முதுமைக்கு உள்முகத் தேடல் என்று பயிற்சியின் நோக்கமும் வயதோடு மாறும் என்றார். இருபது வயதில் செய்ததை நாற்பத்தைந்து வயதில் அப்படியே செய்ய முயன்று, முடியாமல் விட்டுவிடும் ஒருவருக்கு இக்கருத்து மிகவும் பயன்படும். பொறியியல் பயின்ற அவர் மகன் டி.கே.வி. தேசிகாச்சார் (1938–2016), 1976-ல் சென்னையில் கிருஷ்ணமாச்சாரிய யோக மந்திரத்தை நிறுவினார். ஒருவர் இப்போது இருக்கும் நிலையிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது அவர் கற்பித்தலின் அடிப்படை.

மைசூர்க் காலத்து மாணவர்களில் ஒருவர் பி.கே.எஸ். ஐயங்கார் (1918–2014). சிறுவயதில் மலேரியா, டைபாய்டு, காசநோய் ஆகியவற்றால் நலிந்திருந்த அவர், 1934-ல் மைசூர் சென்று பயிற்சியைத் தொடங்கினார். 1966-ல் வெளிவந்த அவரது நூல் சுமார் 200 ஆசனங்களை விளக்கி, அவற்றை 300 வாரப் பாடத்திட்டமாகப் பிரித்துத் தந்தது. 1979-ல் நேர்ந்த ஸ்கூட்டர் விபத்துகளில் அவருடைய தோளும் முதுகெலும்பும் காயமடைந்தன. உலகப் புகழ் பெற்றிருந்த அவர், அறுபது வயதில் எளிய ஆசனங்களிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியிருந்தது. நாற்காலி, கயிறு, மரக்கட்டை முதலிய துணைக்கருவிகளைக் கொண்டு பயிலும் அவரது முறை, உடல் வளையாதவர்களுக்கும் நோயுற்றவர்களுக்கும் யோகத்தை எட்டச் செய்தது.

எளியமுறை உடற்பயிற்சி

தமிழ்நாட்டின் சிற்றூர்கள் வரை அன்றாடப் பயிற்சியைக் கொண்டுசென்றவர் வேதாத்திரி மகரிஷி (1911–2006). கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, இல்லறத்தில் இருந்தபடியே பயிற்சி செய்தவர். 1958-ல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கினார். கை, கால், மூச்சு, கண் என ஒன்பது பகுதிகள் கொண்ட அவரது உடற்பயிற்சி முறையை முதியவர்களும் செய்ய முடியும். ஆசை சீரமைத்தல், சினம் தவிர்த்தல், கவலை ஒழித்தல் என்னும் அகத்தாய்வுப் பாடங்களும் உடன் கற்பிக்கப்படுகின்றன. ஊர்தோறும் உள்ள மனவளக்கலை மன்றங்களில் பலர் ஒன்றாகப் பயில்வதால், இடையில் விட்டவரும் தயக்கமின்றித் திரும்பி வர இயல்கிறது.

யோகா நாளும் மறுநாளும்

ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2014 டிசம்பர் 11 அன்று ஜூன் 21-ஐப் பன்னாட்டு யோகா நாளாக அறிவித்தது. அத்தீர்மானத்தை 177 நாடுகள் இணைந்து முன்மொழிந்தன. 2015 முதல் பள்ளி, கல்லூரி மைதானங்களில் இந்நாள் கொண்டாடப்படுகிறது. பெருங்கூட்டமாகச் செய்யும் அந்த ஒரு நாள் பலருக்கு அறிமுகமாக அமைகிறது. மேலே கூறப்பட்ட ஆசிரியர்கள் அக்கறை காட்டியதோ ஜூன் 22-ஐப் போன்ற, விழா எதுவும் இல்லாத காலைகளில்.

அவர்களது வழிமுறைகளை நான்காகத் தொகுக்கலாம்: ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வது, அளவைச் சிறிதாக வைப்பது, தற்போதைய உடல்நிலைக்கேற்ப மாற்றுவது, தவறியதையும் மறைக்காமல் குறித்துவைப்பது. பாயைச் சுருட்டி வைத்து ஆறு மாதம் ஆகிவிட்ட ஒருவர் நாளை காலை பத்து நிமிடம் மட்டும் அதை விரித்தால், அவரும் இந்த மரபு காட்டிய வழியிலேயே செல்கிறார்.