சதுரங்க உத்திப் புதிர்கள்

சில நகர்த்தல்களில் எதிராளியின் காயைப் பறிக்கவோ செக்மேட் வைக்கவோ வழியிருக்கும் ஒரு நிலையைக் காட்டி, அந்த வழியைக் கண்டுபிடிக்கச் சொல்வது உத்திப் புதிர். பெரும்பாலான புதிர்கள் உண்மையாக ஆடிய ஆட்டங்களிலிருந்து எடுக்கப்படுகின்றன. ஒரே காய் இரண்டைத் தாக்கும் ஃபோர்க், அரசனை மறைத்து நிற்கும் காயை நகரவிடாமல் முடக்கும் பின் ஆகியவை இவற்றில் அடிக்கடி வரும்.

லூசேனா 1497இல் ஸ்பெயினில் அச்சிட்ட நூலிலேயே உள்ள ஓர் உத்தி இன்றும் பல புதிர்த் தொகுப்புகளில் காணப்படுகிறது. வெள்ளைக் குதிரை விலகும்போது அதுவும் பின்னாலிருக்கும் அரசியும் ஒருசேரச் செக் வைக்கின்றன. கறுப்பு அரசன் மூலைக்கு ஒதுங்குகிறான். வெள்ளை தன் அரசியையே அவன் பக்கத்துக் கட்டத்தில் வைக்கிறது. குதிரையின் காவல் இருப்பதால் அரசன் அதை வெட்ட முடியாது. யானைதான் வெட்டியாக வேண்டும். வெட்டிய யானையே அரசனின் வழியை அடைத்துவிட, குதிரை தாவி ஆட்டத்தை முடிக்கிறது. இதை முன்பே பார்த்திராதவருக்கு அரசியைப் பலிகொடுக்கும் எண்ணமே எளிதில் வராது.

இத்தகைய அமைப்புகளை முன்பே பார்த்துப் பழகவைப்பதே பயிற்சியின் பயன். வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் 1973இல் வெளியிட்ட ஆய்வில், உண்மையான ஆட்டநிலையைச் சில நொடிகளே பார்த்த வல்லுநர் அதைப் புதியவரைவிட மிக நன்றாக நினைவிலிருந்து அடுக்கினார். காய்களைத் தாறுமாறாக வைத்தபோது அந்த மேன்மை ஏறக்குறைய மறைந்தது. அவருக்குப் பழக்கமானவை அமைப்புகளே.

தன் மூன்று மகள்களை வீட்டிலேயே பயிற்றுவித்த ஹங்கேரியின் லாஸ்லோ போல்கார் தொகுத்த பெருநூலில் 5,334 உருப்படிகள் உள்ளன. சுவீடனின் ஆக்சல் ஸ்மித், ஹான்ஸ் டிக்கானென் ஆகியோர் 2018இல் விளக்கிய ‘மரங்கொத்தி முறை’ வேறு வகை: ஒரே தொகுப்பை ஒவ்வொரு சுற்றிலும் முன்னைவிட விரைவாகத் திரும்பத் திரும்பப் போடுவது. சிறுவயதில் மணிலாவில் வாழ்ந்த விஸ்வநாதன் ஆனந்துக்காக, தொலைக்காட்சியில் வந்த புதிர்களைத் தாயார் குறித்துவைப்பார். மாலையில் இருவரும் விடை காண்பார்கள். ஆனந்த் பரிசுப் புத்தகங்களைத் தொடர்ந்து வென்றதால், வேண்டிய நூல்களை எடுத்துக்கொண்டு இனி விடை அனுப்பாமல் இருக்கும்படி நிகழ்ச்சியினர் கேட்டுக்கொண்டனர்.

செக் தரும் நகர்த்தலை உடனே ஆடிப் பார்த்து, தவறினால் அடுத்ததை முயல்வது பயிற்சியாகாது. எதிராளியின் பதில்களையும் மனத்தில் கணித்த பிறகே காயைத் தொட வேண்டும். மேலும், ‘இங்கே உத்தி இருக்கிறது’ என்று புதிர் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது; ஆட்டத்தில் அப்படிச் சொல்ல ஆளில்லை. எனவே இணையதளம் தரும் புதிர்த் தரப்புள்ளியை வைத்து ஒருவரின் ஆட்டத்திறனை அளக்க முடியாது.