விளம்பர வேகமும் அம்பின் எடையும்: காம்பவுண்ட் வேட்டை வில்லில் ஓர் அளவுகோலின் வரலாறு

அமெரிக்காவில் விற்பனைக்கு வரும் காம்பவுண்ட் வேட்டை வில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேகம் சொல்லப்படுகிறது. நொடிக்கு 330 அடி, 340 அடி, சிலவற்றுக்கு 350க்கும் மேல். அதே வில்லை வாங்கிய வேட்டைக்காரர் தம் அம்பை, வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் கருவியின் முன் எய்து பார்த்தால் பெரும்பாலும் 260 முதல் 290 அடிக்குள் ஒரு விடை கிடைக்கிறது. உற்பத்தியாளர் மிகைப்படுத்திவிட்டார் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. விளம்பரத்தில் உள்ள எண் முறைப்படி அளக்கப்பட்டதுதான். ஆனால் அதை அளக்கப் பயன்படும் அம்பின் எடை, வேட்டைக் காட்டில் பிறந்ததன்று. போட்டிக் களத்தில் பிறந்தது. அந்த எடை எப்படி நிலைபெற்றது, அது வேட்டை அம்பை எந்தப் பக்கம் இழுத்தது என்பதை இக்கட்டுரை பின்தொடர்கிறது.

அம்பின் வேகத்தை அறிவியல் முறையில் அளக்கும் முயற்சி காம்பவுண்ட் வில்லுக்கு நாற்பது ஆண்டுகள் மூத்தது. கலிபோர்னிய மருத்துவர் சாக்ஸ்டன் போப், யாஹி இனத்து இஷியிடம் வில் பயின்றவர். 1923இல் வெளிவந்த தம் ஆய்வில் பல இனங்களின் வில்களை எய்து ஒப்பிட்டார்; அவருடைய முதன்மை அளவுகோல் அம்பு பாய்ந்த தொலைவு. வேகத்தையே நேரடியாக அளக்கும் வேலை இயற்பியலாளர்களிடம் வந்து சேர்ந்தது. பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய கிளாரன்ஸ் ஹிக்மன், அம்பின் வேகம், முடுக்கம் குறித்த தம் ஆய்வுகளை 1929இல் பிராங்க்ளின் இன்ஸ்டிடியூட் ஆய்விதழில் வெளியிட்டார். முதல் உலகப் போரின்போது அபர்டீன் பீரங்கிச் சோதனைத் தளத்தில் எறிபொருள் வேகமானியை உருவாக்குவதில் பங்கேற்ற பால் குளோப்ஸ்டெக், பிற்காலத்தில் அந்த அனுபவத்தோடு வில்லுக்குத் திரும்பினார்.

இலேசான அம்பா, கனமான அம்பா என்ற இன்றைய விவாதம் முழுவதற்கும் குளோப்ஸ்டெக் தந்த கருத்து ஒன்று அடிப்படை. நாணை விடும்போது வில்லின் ஆற்றல் முழுவதும் அம்புக்குப் போய்ச் சேர்வதில்லை. நாணும் வில்லின் கைகளும் தாமும் நகர்வதற்கு ஒரு பங்கை எடுத்துக்கொள்கின்றன. இந்த இழப்பை, அம்போடு ஒட்டிக்கொண்டு அதே வேகத்தில் பறக்கும் ஒரு கற்பனை நிறையாகக் கணக்கில் சேர்க்கலாம் என்றார் அவர். அம்பை மாற்றினாலும் ஒரே வில்லுக்கு அந்தக் கூடுதல் நிறை ஏறத்தாழ மாறாமல் இருக்கிறது. இதன் விளைவு தெளிவானது: அம்பு கனமாக ஆக, வில்லின் ஆற்றலில் பெரும் பங்கு அம்புக்குச் சேர்கிறது. வேகம் குறையும், வீணாகும் ஆற்றலும் குறையும். இவ்வளவும் 1940களிலேயே தெரிந்திருந்தது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். பின்னர் வந்த வேகப் போட்டி அறியாமையால் விளைந்ததன்று.

மிசூரி மாநிலத்தின் ஹோலிஸ் வில்பர் ஆலன், வில்லின் இரு முனைகளிலும் மையம் விலகிய கப்பிகளைப் பொருத்தி 1966இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1969 டிசம்பரில் கிடைத்தது. பழைய வில்லில் இழுக்க இழுக்கப் பளு கூடிக்கொண்டே போய் முழு இழுப்பில் உச்சத்தை எட்டும். ஆலனின் வில் உச்சத்தை முன்னதாகவே எட்டி, கடைசியில் தளர்ந்து கொடுக்கும். அதனால் அதே உச்சப் பளுவுக்கு அதிக ஆற்றல் சேமிக்க முடிந்தது. ஒரு பவுண்டு இழுவிசைக்கு ஓர் அடி-பவுண்டு ஆற்றலைத் தருவதே நீள்வில்லுக்கு அரிது. இன்றைய காம்பவுண்ட் வில் ஒன்றரையை எட்டுகிறது. கப்பிகளின் வடிவ மாற்றங்களைப் பற்றித் தனியே எழுதலாம். இங்கே அது தேவையில்லை.

புதிய வில்லுக்கு அம்பு எங்கிருந்து வந்தது என்பதுதான் நம் கேள்விக்கு நெருக்கமானது. டக் ஈஸ்டன் 1939 வாக்கில் தொடங்கிய அலுமினிய அம்பு, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மரத்தின் இடத்தைப் பிடித்திருந்தது. வேட்டைக்காரர்களிடையே பரவலாக இருந்த 2117 என்ற குழாயை எடுத்துக்கொள்வோம். முதல் இரண்டு இலக்கங்கள் விட்டத்தை 64இல் ஒரு பங்கு அங்குலத்திலும், அடுத்தவை சுவரின் தடிமனை ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலத்திலும் சொல்கின்றன. அங்குலத்துக்கு 12 கிரெய்ன் எடை. (7000 கிரெய்ன் ஒரு பவுண்டு.) 29 அங்குல நீளத்துக்கு 348 கிரெய்ன், 125 கிரெய்ன் வேட்டை முனை, இறகு, நாண்பிடி, உட்செருகி எல்லாம் சேர்ந்தால் 540ஐ ஒட்டி நிற்கும். வில் உற்பத்தியாளர் சங்கம் வகுத்த ஏ.எம்.ஓ. அளவுமுறையும் 60 பவுண்டு இழுவிசை, 30 அங்குல இழுப்பு, 540 கிரெய்ன் அம்பு என்றே இருந்தது. வேட்டைக்காரரின் தூணியில் இருந்ததற்கு மிக நெருக்கமான அளவுகோல் அது.

1984இல் தொடங்கிய சர்வதேச வில்வேட்டை அமைப்பு, ஐ.பி.ஓ., விலங்கு உருவப் பொம்மைகளை எய்யும் போட்டிகளை நடத்தியது. அவற்றில் தொலைவை முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். எய்பவர் கண்ணளவில் மதிப்பிட வேண்டும். வேகமான அம்பின் பாதை தட்டையாக இருப்பதால், தொலைவை இரண்டு மூன்று கெஜம் தவறாக மதிப்பிட்டாலும் அம்பு பெரிதாகத் தாழாது. எனவே எல்லோரும் அம்பை இலேசாக்கினார்கள். அம்பு மிக இலேசானால் மிஞ்சும் ஆற்றல் வில்லையே உடைக்கும் என்பதால், இழுவிசையின் ஒவ்வொரு பவுண்டுக்கும் 5 கிரெய்னுக்குக் குறையாத அம்பு வேண்டும் என்று விதி வந்தது. 70 பவுண்டு வில்லுக்கு அது 350 கிரெய்ன். பாதுகாப்புக்காக வகுத்த இந்தக் கீழ் எல்லையே 70 பவுண்டு, 30 அங்குலம், 350 கிரெய்ன் என்ற அளவுமுறையாகி, விற்பனை அட்டைகளில் ஏறியது. ஒரு பொருளுக்கு அனுமதிக்கப்பட்ட குறைந்தபட்சமே அதன் அடையாள அளவாக மாறியது இந்த வரலாற்றின் திருப்புமுனை என்று கருதுகிறேன்.

இந்த மாற்றத்தின் அளவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஐ.பி.ஓ. முறையில் 340 அடி வேகம் தரும் வில் ஒன்றுக்குக் குளோப்ஸ்டெக்கின் கற்பனை நிறை 70 கிரெய்ன் என்று கொள்வோம். 350 கிரெய்ன் அம்பு ஏறத்தாழ 90 அடி-பவுண்டு ஆற்றலோடு போகிறது. 18 அடி-பவுண்டு வில்லிலேயே தங்கி, அதிர்வாகவும் ஓசையாகவும் வெளிப்படுகிறது. இதே வில்லை ஏ.எம்.ஓ. முறைப்படி 60 பவுண்டுக்குத் தளர்த்தி 540 கிரெய்ன் அம்போடு அளந்தால் வேகம் 261 அடி. கப்பியின் வடிவம் மாறாமல், வில்லின் கைகள் மாறாமல், அளவுகோல் ஒன்றே 79 அடி வித்தியாசத்தைக் கொடுத்துவிடுகிறது. ஏ.எம்.ஓ. முறையில் அளந்த பழைய வில்லையும் ஐ.பி.ஓ. முறையில் அளந்த புதிய வில்லையும் அருகருகே வைத்து வளர்ச்சியைப் பேசும் எவரும் இதைக் கழித்துவிட்டே பேச வேண்டும்.

அளவுகோல் மாறியதும் வேட்டை அம்பும் அதன் பின்னால் போனது. 1980களில் வில்லின் கைப்பிடிக்குப் பின்னால் அம்புத் தாங்கியைத் தள்ளி வைத்துக் குட்டை அம்புகளை எய்தார்கள். 1990களில் கார்பன் இழை அம்புகள் வேட்டைக்குப் பரவின. அங்குலத்துக்கு 8, 9 கிரெய்ன் எடையிலேயே போதிய விறைப்பு கிடைத்தது. 100 கிரெய்ன் முனையோடு மொத்த எடை 400ஐ ஒட்டி இறங்கியது. வேகம் கூடியதும் நிலையான அலகுகள் கொண்ட அகன்ற முனைகள் காற்றில் அம்பைத் திசைதிருப்பின. பறக்கையில் மூடியிருந்து பட்டதும் விரியும் முனைகளுக்குச் சந்தை உருவானது. விரிவதற்கும் ஆற்றல் செலவாகும். ஒரு சிக்கலைத் தீர்க்க வந்த கருவி இன்னொரு சிக்கலைக் கூட்டியது.

இன்றைய சராசரி வேட்டைக்காரரின் அமைப்புக்கு இதே கணக்கைப் போடுவோம்: 28 அங்குல இழுப்பு, 65 பவுண்டு. 350 கிரெய்ன் அம்பு ஏறத்தாழ 312 அடி வேகத்தில் போகும். 475 கிரெய்ன் அம்பு 274 அடி. 600 கிரெய்ன் அம்பு 247 அடி. நாணில் கட்டும் பார்வைத் துளை வளையமும் ஓசை அடக்கிகளும் இன்னும் சில அடிகளைத் தின்னும். 350இலிருந்து 475க்குப் போகும்போது வேகத்தில் 38 அடி இழப்பு. இயக்க ஆற்றலோ 76இலிருந்து 79 அடி-பவுண்டாகச் சற்றே உயர்கிறது. உந்தம் 19 விழுக்காடு கூடுகிறது. அம்பு துப்பாக்கிக் குண்டைப் போல அதிர்ச்சியால் கொல்வதில்லை. வெட்டி, குருதியிழப்பால் கொல்கிறது. ஆகவே எவ்வளவு ஆழம் ஊடுருவுகிறது என்பதே விலங்கு விரைவில் சாகிறதா, காயத்தோடு நாள்கணக்கில் அலைகிறதா என்பதைப் பெரிதும் தீர்மானிக்கிறது. இந்த விவாதத்தின் அறநிலை முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

ஊடுருவலைக் கள ஆய்வாக எடுத்துச் சென்றவர் எட் ஆஷ்பி. 1980களில் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில் நடந்த ஆய்வில், எய்யப்பட்ட விலங்குகளில் அம்பு எவ்வளவு ஆழம் போனது, எலும்பைக் கடந்ததா என்று பதிவு செய்தார். கனமான எலும்பைத் தொடர்ந்து உடைக்க 650 கிரெய்ன் அளவிலான அம்பு வேண்டும் என்பது அவர் முடிவுகளில் அதிகம் பேசப்பட்டது. இன்று அமெரிக்க வேட்டைக்காரர்களில் ஒரு சாரார் அம்பை மீண்டும் கனமாக்குவதற்கு அவருடைய தாக்கம் முக்கியக் காரணம். எனினும் 650 என்ற எண்ணை வெண்வால் மானுக்கு அப்படியே கொண்டுவருவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. ஆப்பிரிக்கப் பெருவிலங்கின் தடித்த விலாவுக்கு வேண்டிய காப்பு, 70 கிலோ மானுக்கு வேண்டியதில்லை. 425 முதல் 500 கிரெய்ன் வரையிலான நடுவெளியில் வேகம், ஊடுருவல் என்ற இரு தேவைகளும் ஓரளவு நிறைவேறுகின்றன.

இலேசான அம்பின் பக்கம் மிஞ்சும் வாதம், நாணொலி கேட்டு மான் துள்ளுவதற்குள் அம்பு போய்ச் சேர வேண்டும் என்பது. 1990களின் நடுவில் லேசர் தொலைவுமானிகள் வேட்டைக்காரர் கைக்கு எட்டிய பிறகு, தட்டையான பாதைக்கான தேவை தளர்ந்து இந்த வாதமே முன்னுக்கு வந்தது. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1125 அடி போகிறது. 30 கெஜத்தில் நிற்கும் மானை நாணொலி 0.08 நொடியில் எட்டும். 312 அடி வேக அம்புக்கு 0.29 நொடி, 274 அடி வேக அம்புக்கு 0.33 நொடி ஆகும். இரண்டு அம்புகளையும் மான் முன்னதாகவே கேட்டுவிடுகிறது; வேகத்துக்காக விட்டுக்கொடுத்த 125 கிரெய்ன் வாங்கித் தந்தது 0.04 நொடி. இலேசான அம்பு நடைமுறையில் இன்னும் உரக்கவே ஒலிக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதே 475 கிரெய்ன் அம்பை 20 கெஜத்திலிருந்து எய்தால் 0.22 நொடியில் போய்ச் சேர்கிறது.