பரதேசி படத்தில் நாங்கள் சிரித்த இடம்

கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் எடுத்து வாசியுங்கள்.

போன வாரம் வகுப்பில் பெருந்தோட்டங்களின் வரலாறு படிப்பித்துக்கொண்டிருந்தோம். கங்காணி முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்த கதையைச் சொல்லும்போது ஒரு பிள்ளை எழும்பி, "சேர், இது பரதேசி படத்துல வந்தது தானே?" என்று கேட்டது. ஆமாம் என்றோம். அடுத்த கேள்விக்குத்தான் எங்களிடம் பதில் இருக்கவில்லை. "அப்ப அந்த டொக்டரும் உண்மையா சேர்?"

பாலாவின் 'பரதேசி' 2013 மார்ச் 15இல் வெளியானது. அப்போது நாங்கள் கல்வியியற் கல்லூரியில் இருந்தோம். விடுதியில் ஒரே லெப்டொப்பைச் சுற்றி இந்து, கிறிஸ்தவ, முஸ்லிம் பிள்ளைகள் எல்லாரும் உட்கார்ந்து பார்த்தோம். தோட்டத்துப் பிள்ளைகள் பலர் அழுதார்கள். சாகும்வரை தீராத கடன், அட்டைக்கடி, லயம், வருசக் கடைசியில் கணக்குப் பார்த்துக் கூலியைப் பிடித்துக்கொள்ளும் கங்காணி. எல்லாம் தாத்தா, பாட்டி சொன்ன கதை.

படம் காட்டியது இலங்கையை அல்ல. அதன் மூலக்கதை ஆனைமலைத் தோட்டங்களில் நடப்பது. ஆனால் முறை ஒன்றுதான். எங்கள் பக்கம் வந்தவர்கள் தலைமன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். கடன் இங்கே 'துண்டு' என்ற சீட்டில் எழுதப்பட்டது. அதைத் தீர்க்காமல் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921இல்தான் அந்தத் துண்டுமுறை ஒழிக்கப்பட்டது.

மூலக்கதை பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969இல் வெளிவந்த 'ரெட் டீ' நாவல். தமிழில் 'எரியும் பனிக்காடு' என்று இரா. முருகவேள் மொழிபெயர்த்திருக்கிறார். டேனியல் ஒரு மருத்துவர், கிறிஸ்தவர். வால்பாறைப் பக்கத் தோட்டங்களில் பல வருடம் வேலை செய்து, தொழிலாளர் பக்கம் நின்றவர். அந்த மக்கள் பட்ட பாட்டை உலகத்துக்குச் சொன்னது அவர் எழுத்துத்தான்.

இப்போது படத்தைப் பாருங்கள். நாவலில் தொழிலாளர்களுக்காகப் போராடுகிற மருத்துவர், படத்தில் ஆடிப்பாடி மதம் பரப்புகிற கோமாளி. கதையைக் காப்பாற்றித் தந்தவரின் சமூகத்தையே அந்தக் கதைக்குள் கேலிப்பொருள் ஆக்கியிருக்கிறார்கள்.

சாதிக்கும் அதே கதிதான். நாவலின் கருப்பனும் வள்ளியும் தலித்துகள். கதையின் வேரே அதுதான். படத்தின் நாயகன் ஊருக்குத் தமுக்கடிப்பவன், ஊரார் மிச்சத்தைத் தின்று வாழ்பவன். ஆனால் ஏன் அப்படி என்பதைப் படம் வாய்திறந்து சொல்லவில்லை. மலையகத்தில் வாழ்கிறவர்களுக்கு இது புரியும். கங்காணி ஒரு சாதி, அவர் கூட்டிவந்த ஆட்கள் வேறு சாதி. பல தோட்டங்களில் லயத்தையும் சாதி பார்த்துத்தான் பிரித்துக் கொடுத்தார்கள். அதைச் சொல்லாவிட்டால் மிஞ்சுவது வெறும் வறுமையும் வெள்ளைக்காரனும்தான். வெள்ளைக்காரனைத் திட்டுவது எல்லாருக்கும் சுலபம்.

இனி எங்கள் கதைக்கு வருவோம்.

1956இல் எம்.ஜி.ஆர். அலிபாபாவாக வந்தார். நாவலப்பிட்டியில் பிறந்த மனிதர், நம்மவர் என்று மலையகமே கொண்டாடியது. எங்கள் பெரியவர்கள் அதில் தனிச் சந்தோசம் கண்டார்கள். முஸ்லிம் பெயருள்ள ஒருவன் நாயகன்! பிறகு 1992இல் 'ரோஜா' வந்தது. எரிகிற தேசியக் கொடியை நாயகன் தன் உடம்பால் அணைக்கிறான். அதே நேரத்தில் அவனைப் பிடித்து வைத்திருப்பவன் தொழுதுகொண்டிருக்கிறான். இரண்டையும் மாறி மாறிக் காட்டுகிறார்கள். நாட்டுப்பற்று ஒரு பக்கம், தொழுகை மறுபக்கம். யாரும் வசனம் பேசத் தேவையில்லை, பார்க்கிற பிள்ளைக்குப் புரிந்துவிடும்.

2013இல் 'விஸ்வரூபம்' வந்தது. அதன் நாயகனும் முஸ்லிம்தான், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் குர்ஆன் வசனமும் துப்பாக்கியும் சேர்ந்து வருவது எங்களுக்கு வலித்தது. தமிழ்நாட்டில் முஸ்லிம் அமைப்புகள் எதிர்த்தன, அரசு தடை போட்டது, சில காட்சிகளில் ஒலியை எடுத்துவிட்டு பெப்ரவரி 7இல் வெளியிட்டார்கள். விடுதியில் நாங்களும் தொண்டை கிழிய வாதாடினோம்.

அதற்கு ஐந்து வாரம் கழித்துத்தான் பரதேசி. அந்த மருத்துவர் ஆடும் காட்சியில் விடுதியே சிரித்தது. நாங்களும் சிரித்தோம். எங்களுக்குப் பக்கத்தில் தலவாக்கலைப் பக்கத்துக் கிறிஸ்தவ நண்பன் ஒருவன் இருந்தான். அவன் சிரிக்கவில்லை. படம் முடியுமுன்பே எழும்பிப் போனான். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை.

2019 ஏப்ரல் 21க்குப் பிறகு, அட்டன் பஸ்ஸில் பர்தா போட்ட எங்கள் பெண்களுக்குப் பக்கத்தில் உட்காரப் பயந்த நாட்களில், எங்களுக்கு முதலில் கோல் எடுத்தவன் அவன்தான். அவனுடைய ஆட்கள் தேவாலயங்களில் செத்துக் கிடந்த நேரம். "மச்சான், வீட்ல எல்லாரும் சுகமா?" என்று கேட்டான். பரதேசி பார்த்த அந்த இரவு அப்போதுதான் எங்களுக்கு ஞாபகம் வந்தது.

சி.வி. வேலுப்பிள்ளையின் 'போர்ன் டு லேபர்' 1970இல் வந்தது, டேனியலின் நாவலுக்கு அடுத்த வருடம். அவர் மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்தவர், 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் போனவர். 1975இல் தொழிற்சங்கவாதி வி.பி. கணேசன் 'புதிய காற்று' என்று மலையக மக்களைப் பற்றி ஒரு படமே எடுத்தார். எங்கள் வகுப்பில் இந்த இரண்டு பேரையும் தெரிந்த பிள்ளை ஒன்றுகூட இல்லை. பரதேசி எல்லாருக்கும் தெரியும்.

அதனால் அந்தப் பிள்ளைக்கு இப்படிச் சொன்னோம். "கடனும் கங்காணியும் உண்மை மகன். டொக்டர் அப்படி இல்ல. அந்தக் கதைய எழுதினதே ஒரு டொக்டர்தான்."

படம் பார்க்காதீர்கள் என்று பிள்ளைகளிடம் நாங்கள் சொல்லமாட்டோம். சொன்னாலும் கேட்கமாட்டார்கள். பார்க்கும்போது பக்கத்தில் யார் சிரிக்காமல் இருக்கிறார்கள் என்று ஒருதரம் திரும்பிப் பாருங்கள் என்றுதான் சொல்கிறோம். அன்றைக்கு நாங்கள் திரும்பிப் பார்க்கவில்லை.

நண்பா, இதை வாசித்தால் மன்னித்துக்கொள்.