வாய்மொழிக் குத்தகை

கொல்லிமலை என்றதும் வல்வில் ஓரியின் கொடையைப் பேசுவோம் நாம். பிறர் நிலத்தை உழுதவர் எதை நம்பி உழுதார் என்று கேட்பது அரிது.

குத்தகைச் சட்டங்களின் கதை தஞ்சையில் தொடங்குகிறது. 1952-இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கை உழுபவருக்கு உறுதிசெய்தது. கொல்லிமலை அன்று அடங்கியிருந்த சேலம் மாவட்டத்திற்கும் உரியதாக வந்தது 1955-ஆம் ஆண்டுச் சட்டம். பாக்கி வைத்தல், நிலத்தைப் பாழாக்குதல், உடையவரின் உரிமையை வேண்டுமென்றே மறுத்தல் போன்ற சில காரணங்கள் இன்றி உழுபவரை வெளியேற்ற இயலாது என்றது அது. சரி, உடையவரே குத்தகையை வாங்க மறுத்துவிட்டுப் பின்னர் பாக்கி என்று வழக்கிட்டால்? அவர் கணக்கில் நீதிமன்றத்திலேயே கட்டிவிடலாம். நெல்லாகத் தரவேண்டியதெனில் அன்றைய சந்தை விலையைக் கட்டலாம். சட்டம் இயற்றியவர்கள் நிலவுடைமையாளரின் சூழ்ச்சியை நன்கறிந்திருந்தனர் என்றே நமக்குத் தோன்றுகிறது.

ஆனால் பத்திரமும் ரசீதும் இல்லாத வாய்மொழிக் குத்தகையில், தாம் குத்தகைதாரர்தாம் என்பதையே எப்படி மெய்ப்பிப்பது? இதற்கெனத் தனிப் பதிவேடு ஒன்று சட்டமாக 1969 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. புல எண், பரப்பு, உடையவர் பெயர்; அவற்றோடு உழுபவர் பெயரும் அதில் ஏறியது.