நேர்கூற்று வினா, அயற்கூற்று வினா: தமிழில் வினாக்குறி பெற்ற இடம்

ஓலைச்சுவடிகளில் வினாக்குறி இல்லை. வினாப்பொருளை எழுத்தும் சொல்லுமே உணர்த்தியமையால் குறியின் தேவை எழவில்லை. தொல்காப்பியம் ஆ, ஏ, ஓ என்னும் மூன்றை வினாவெழுத்துகளாகக் கொண்டது. நன்னூல் எ, யா ஆகியவற்றையும் சேர்த்து ஐந்தாக்கியது.

ஐரோப்பாவில் நிலை வேறு. 8ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் இலத்தீன் கையெழுத்துப் படிகளில் இடம்பெற்ற வினாக்குறி, படிப்போர் குரலை மாற்ற வேண்டிய இடத்தைக் காட்டியது. பின்னர் அது தொடரமைப்போடு இணைந்தது. இன்றைய ஆங்கிலத்தில் நேர்கூற்று வினா வினாக்குறி பெறும்; அயற்கூற்று வினாவில் சொல்வரிசை செய்தித் தொடருக்குரியதாக மாறும்; முற்றுப்புள்ளியே இடப்படும்.

தமிழ் உரைநடையில் நிறுத்தக்குறிகள் 19ஆம் நூற்றாண்டில் வேரூன்றின. ஆறுமுக நாவலர் (1822–1879) இம்முயற்சியின் முன்னோடியாகக் கருதப்படுகிறார். எனினும், ஆங்கில வழக்கு தமிழுக்கு முழுதும் பொருந்துவதன்று. "கண்ணன் வருவானா?" என்னும் வினா, 'கண்ணன் வருவானா என்று கேட்டார்' என அயற்கூற்றானபோதும் தன் வடிவத்தை இழப்பதில்லை. ஆகார ஈறும் சொல்வரிசையும் அவ்வாறே நிற்கின்றன. 'என்று' என்பதே இரண்டையும் இணைக்கிறது.

இவ்வியல்பு தமிழுக்கு மட்டும் உரியதன்று. 1958இல் மைய ஆங்கில நிறுவனம் தோன்றிய ஐதராபாத்தின் மொழிச்சூழல் இதற்குச் சான்று. தெலுங்கில் 'வஸ்தாடா அனி அடிகாடு' என்பதும் இதே அமைப்பினது. 'அனி' ஆற்றும் பணியை அந்நகரின் தக்கினி உருதுவில் 'போல்கே' ஆற்றுகிறது. இத்தகைய தாய்மொழியினர் ஆங்கிலம் எழுதும்போது அயற்கூற்றிலும் வினாவின் சொல்வரிசையையும் குறியையும் விட்டுவைப்பது அறியாமையன்று; தாய்மொழி இலக்கணத்தின் தாக்கமே.

தமிழில் குறியின் பயன் வேறோரிடத்தில் விளங்குகிறது. 'நான் குற்றவாளியா என்று முருகன் கேட்டான்' என்னும் தொடரில் 'நான்' யார்? முருகனா, அதனை எடுத்துரைப்பவரா? பேச்சில் சூழல் இதனைத் தெளிவாக்கும். எழுதப்பட்ட வாக்குமூலத்தில் அவ்வசதி இல்லை. "நான் குற்றவாளியா?" என்று மேற்கோள்குறியும் வினாக்குறியும் இட்டால் ஐயம் நீங்கும், 'நான்' முருகனையே குறிக்கும். தன்னைப் பற்றி ஐயுற்று வினவியவன் ஒருவன். பிறரைக் குற்றவாளியோ என வினவியவன் மற்றொருவன். இவ்விருவரையும் வேறுபடுத்துவது அச்சிறு குறிகளே.

ஆகவே, தமிழில் வினாக்குறி வினாவை அறிவிக்கும் கருவி மட்டுமன்று. எடுத்துரைக்கப்படும் சொற்கள் யாருடையவை என்பதை வரையறுக்கும் துணையுமாகும். ஆங்கில விதியை மனப்பாடம் செய்விப்பதைவிட, இவ்வேறுபாட்டை மாணவர்க்கு உணர்த்துவதே இருமொழிக் கல்விக்கும் பயன்தரும்.