நிறம் குணமாயிருந்த காலம்

கேரளச் சுவரோவிய மரபில் உடலின் நிறம் தோலைக் குறித்ததன்று, குணத்தைக் குறித்தது. சாத்விகத்திற்குப் பச்சை, வெண்மையோ தாமசத்திற்கு உரியது. பத்மநாபபுரம் அரண்மனைச் சுவர்களில் இம்மரபின் ஓவியங்களை இன்றும் காணலாம்.

1868இல் தியடோர் ஜென்சன் என்னும் ஐரோப்பிய ஓவியர் திருவனந்தபுரம் அரசவைக்கு வந்தார். அவர் தீட்டுவதைப் பார்த்தே எண்ணெய் வண்ண நுட்பத்தைப் பழகினார் கிளிமானூர் இரவிவர்மா. ஜென்சனுக்குக் கற்பிக்க மனமில்லை என்பர். இரவிவர்மாவின் தூரிகையில் தேவியின் மேனி ஒளிபட்ட மனிதத் தசையாயிற்று, பெரும்பாலும் வெளிர்மேனி. அரண்மனைக்குள்ளேயே தங்கியிருந்தால் அது ஒரு பாணி, அவ்வளவே. 1894இல் பம்பாயில் அவர் நிறுவிய அச்சகமே அம்முகத்தை வீடுதோறும் சேர்த்து அழகின் அளவுகோலாக்கியது.

இதனை வெறும் மேனாட்டு இறக்குமதி என்பது எளிய விடை. அத்தேவியர் உடுத்தியது ஐரோப்பிய உடையன்று, சேலை. வெளிர்நிறத்தை உயர்சாதியோடு பிணைத்துப் பார்க்கும் வழக்கமும் இங்கு இருந்ததே. ஐரோப்பிய உத்தி அவ்விருப்பத்திற்கு மெய்த்தோற்றம் தந்தது.