ஊமத்தைப் புகை மட்டும் கப்பல் ஏறியது

சமயபுரம் பக்கம் ரோட்டோரம், குப்பைமேடு என்று எங்கே பார்த்தாலும் ஊமத்தை நிற்கும். சிவனுக்கு உகந்த பூ, மனுஷனுக்கு விஷம். இங்கிலாந்தில் விற்ற ஆஸ்துமா சிகரெட்டுகளின் கதை இந்தச் செடியில்தான் தொடங்குகிறது.

1802-இல் ஜெனரல் ஜென்ட் என்பவர் மதராஸிலிருந்து ஊமத்தையை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். காய்ந்த வேரை இடித்துக் குழாயில் வைத்துப் புகைத்தால் இரைப்பு அடங்கும் என்று அவருக்குச் சொன்னவர், மதராஸ் தலைமை மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன். (சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் போட்டுச் சாயப்பூச்சி வளர்க்கப் பார்த்தாரே, அதே ஆள்தான்.) வைத்தியம் நம்ம ஊருடையது. அங்கே கிடைத்த ஸ்ட்ரமோனியம் என்ற இன்னொரு ஊமத்தையை வைத்து வெள்ளைக்காரர்கள் அதைத் தொடர்ந்தார்கள்.

வேலை செய்ததா? செய்தது. ஊமத்தையில் உள்ள அட்ரோபின் மூச்சுக்குழாய்த் தசையைத் தளர்த்தும், சளியை வற்றவும் வைக்கும். சிக்கலும் அந்த வற்ற வைப்பதில்தான். நம் வைத்தியத்தில் 'இரைப்பு' என்பதோடு கணக்கு முடியாது. ஐயம் கூடி வழியை அடைத்து, வளி மேல்நோக்கித் திரும்பியதா? இல்லை, சளியே இல்லாத வறட்டு இழுப்பா? ஈரமா வறட்சியா என்று பார்த்த பிறகுதான் மருந்து. வறண்டு கிடக்கிறவருக்கு இன்னும் வற்ற வைக்கிற புகையைக் கொடுத்தால் என்ன ஆகும், சொல்லுங்க. கப்பலில் செடி போனது, இந்தக் கேள்வி போகவில்லை.

சீனாவிலும் அச்சு அசல் இதே கதை. அவர்கள் கணக்குப்படி நுரையீரலின் 'ச்சி' கீழே இறங்க வேண்டும். குளிர்காற்று தாக்கித் தோலை மூடிவிட்டால் அது மேலே எகிறும். அதுதான் இருமல், இரைப்பு. வியர்க்காமல் நடுங்குகிறவருக்கு மா ஹுவாங் செடியோடு இலவங்கக் குச்சி, ஆப்ரிகாட் பருப்பு, அதிமதுரம். நோய் உஷ்ணமாக மாறியிருந்தால் இலவங்கத்தை எடுத்துவிட்டு ஜிப்சம். நம் சித்தர்களின் கற்பூரசிலாசத்துதான் அது! ஒரே செடி, பக்கத்தில் நிற்கிற ஆள் மட்டும் மாறுகிறார். சாங் சோங்ஜிங் இதை எழுதி ஏறக்குறைய 1,800 வருஷம் ஆகிறது.

1885-இல் ஜப்பானியர் நாகாய் அந்தச் செடியிலிருந்து எபிட்ரினைப் பிரித்தார். 1924-இல் சென்னும் ஷ்மிட்டும் எழுதிய கட்டுரைக்குப் பிறகு அது உலகம் முழுக்க ஆஸ்துமா மருந்தாகப் பரவியது. குளிரா உஷ்ணமா என்று யாரும் கேட்கவில்லை.

வளியும் 'ச்சி'யும் உடம்பில் நிஜமாக ஓடுகின்றன என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் ஆஸ்துமா ஒரே நோய் இல்லை, ஆளைப் பிரித்துப் பார்க்கணும் என்ற எண்ணம் இன்றைய மருத்துவத்திலும் இருக்கிறது. கடுமையான ஆஸ்துமாவுக்குச் சில புது ஊசிகளைப் போடும் முன் ரத்தத்தில் ஈயோசினோபில் எவ்வளவு என்று எண்ணுகிறார்கள்.

இதைப் படித்துவிட்டு யாரும் ஊமத்தையைப் பறிக்கக் கிளம்ப வேண்டாம். விஷத்தின் அளவு செடிக்குச் செடி மாறும். கொஞ்சம் கூடினாலும் புத்தி பேதலிக்கும், உயிருக்கே ஆபத்து. அட்ரோபினை மாற்றியமைத்துச் செய்த இப்ராட்ரோபியம், அளந்த டோஸில் இன்ஹேலராகவே கிடைக்கிறது.